டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் பள்ளியின் கணினி அறைக்குள் நுழைய ஒன்பது விதிகள் இருந்தன. காலணியை வெளியே கழற்ற வேண்டும். பதிவேட்டில் பெயர், வகுப்பு, நேரம், நோக்கம் நான்கையும் எழுத வேண்டும். உணவு கூடாது, தண்ணீர் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஒரு மாணவருக்கு ஒரு டிஸ்கெட்தான். அதை நகல் எடுக்கக் கூடாது. அறையை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. பிற்காலத்தில் அரசாங்க வேலையில் எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்தேன், சிலவற்றை எழுதியும் தொலைத்தேன். அந்த ஒன்பது விதிகளின் கறார்த்தன்மையை வேறெங்கும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அறைக்குள் இருந்தது ஒரே ஒரு கணினி.

டிஸ்கெட்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மடித்த கைக்குட்டை அளவில் ஒரு கறுப்புச் சதுர உறை. அதற்குள் தவிட்டு நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு, நடுவில் ஓட்டை. உறையில் நீள்வட்டமாக ஒரு சன்னல் வெட்டியிருக்கும். அந்தச் சன்னல் வழியாகத்தான் கணினி தகட்டைத் தொட்டுப் படிக்கும். அங்கே விரல் படவே கூடாது என்பது ஐந்தாம் விதி.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மலேசியாவில், கோலா குபு பாருவில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டினார், அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். கணினியைப் பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுத்திருந்தது. புகழ்பெற்ற ஓர் அமெரிக்கக் கணினியைப் பார்த்துச் செய்த போலி. பச்சை எழுத்து மட்டுமே தெரியும். அதன் சாவி கணித ஆசிரியையிடம் இருந்தது. கணிதம் தெரிந்தவருக்குக் கணினியும் தெரியும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அவருக்குத் தெரியாது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "கையேட்டைப் பார்" என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அவர் பதில். புதன்கிழமை மாலைகளில் கணினி மன்றம், ஆளுக்கு நாற்பது நிமிடம். கையேட்டைப் பார்த்துத்தான் நான் பேசிக் மொழியைக் கற்றேன். மற்றவர்கள் வட்டி கணக்கிடும் நிரல் எழுதினார்கள். நான் ஒரு விளையாட்டு எழுத விரும்பினேன்.

அதில் ஒரு சிக்கல். பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு வீடியோ கேம் கடை வந்திருந்தது. சீருடையோடு அங்கே பிடிபட்டவர்களின் பெயர்கள் திங்கட்கிழமை கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. 'கேம்' என்ற சொல்லையே தலைமையாசிரியர் ஏதோ நோயின் பெயர்போல உச்சரித்தார். நோக்கம் என்ற கட்டத்தில் நான் அதை எழுதியதைப் பார்த்த ஆசிரியை, பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'சிமுலாசி' என்று மலாயில் எழுதினார். பாவனைப் பயிற்சி என்று பொருள். ஒரே செயலுக்குக் கோப்பில் வேறு பெயர் உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டேன். என் உத்தியோக வாழ்க்கைக்கு அது போதுமான அடிப்படையாக இருந்தது.

எனக்குத் தெரிந்த உலகம் ரப்பர் காடு. அதையே விளையாட்டாக்கினேன். திரையில் நாற்பது பத்தி, இருபத்து நான்கு வரிசை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் வரைந்தேன். மரத்துக்குக் கூட்டல் குறி, பால் வெட்டுபவருக்கு ஒரு சுழி. சுழியை நிரை நிரையாக நடத்திப்போய் ஒவ்வொரு மரத்தையும் வெட்டினால் ஒரு புள்ளி. இதற்கே ஏழு புதன்கிழமைகள் ஆயின. முடித்ததும் என் தோழியை உட்கார வைத்தேன். அவள் கோலா குபு பாருவில் உணவுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். எனக்கு அடுத்த நாற்பது நிமிடம் அவளுடையது. விளையாட்டுக்கு முகப்பாக ஒரு பூ வரைந்து தந்ததும் அவள்தான்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு. நூத்துக்கு நூறு எடுத்துட்ட."

"இதுல என்னா லா கேமு? நடக்குறேன், வெட்டுறேன், நடக்குறேன், வெட்டுறேன். இது வேல. இதுக்குப் பேசாம உங்கம்மாகூட காட்டுக்கே போயிருவேன்."

"நீ அஞ்சு மரம் தாண்டமாட்ட. அட்டை கடிச்சா அழுவ."

"அப்ப அட்டையப் போடு. சும்மா மரமா நட்டு வெச்சிருக்க."

அட்டை போட்டேன். அதற்கு இரண்டு வாரம். வேலை இன்னும் அருவருப்பானதே தவிர, விளையாட்டு ஆகவில்லை.

ஆகஸ்டு விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகக் காட்டுக்குப் போனேன். அதிகாலையில் தொடங்கி மரங்களை வெட்டிக்கொண்டே போவார்கள். வெட்டிய பட்டையிலிருந்து பால் மெதுவாக வடிந்து, மரத்தில் கட்டியிருக்கும் மங்கு என்ற கிண்ணத்தில் சேரும். சேர நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் வெட்டி முடித்த பிறகு திரும்பி வந்து, முதல் மரத்திலிருந்து வாளியில் சேகரிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. அதனாலேயே இதை நான் கவனித்ததில்லை.

அன்று பாதி மரம் வெட்டியபோது மேற்கே கறுத்தது. காட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அப்படியே நின்று மேலே பார்த்தார்கள். பக்கத்து நிரைக்காரி உளியை இடுப்பில் செருகிவிட்டு, இருக்கிற பாலைச் சேகரிக்க ஓடினார். மழை வந்து மங்கில் விழுந்தால் பால் அவ்வளவுதான். என் அம்மா வானத்தைப் பார்த்தார், மிச்ச மரங்களைப் பார்த்தார், வெட்டிக்கொண்டே போனார். கால் மணி நேரத்தில் மழை கொட்டியது. வாளியோடு நனைந்துகொண்டு நான் சிரித்தேன்.

"என்னாடி இளிப்பு? பாலெல்லாம் தண்ணியா ஓடுது, இவளுக்குச் சிரிப்பு வருது."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா பல்லக் காட்டுற?"

அவரிடம் அந்த நேரத்தில் விளக்க முடியவில்லை. என் விளையாட்டில் முடிவெடுக்க எதுவுமே இல்லை, அதுதான் குறை. இன்னும் ஒரு மரம் வெட்டுவதா, திரும்பி ஓடுவதா? காட்டில் தினமும் நடந்த விளையாட்டை விட்டுவிட்டு, அதன் நடையை மட்டும் நான் எழுதி வைத்திருந்தேன்.

பள்ளி திறந்ததும் மழையைச் சேர்த்தேன். இனி மழைக்கு முன் திரும்பிப் போய்ப் பாலைச் சேகரித்தால்தான் புள்ளி. நட்சத்திரக் குறிகள் மேலிருந்து விழும். முதலில் சுழி இருநூறு அடி நடந்ததும் மழை வரும்படி எழுதினேன். தோழி இரண்டாவது ஆட்டத்திலேயே எண்ணிக் கண்டுபிடித்துவிட்டாள். எப்போது வேண்டுமானாலும் வரும்படி மாற்றினேன். மூன்றாவது அடியிலேயே கொட்டித் தீர்த்தது. "இது கேமு இல்ல, பழிவாங்குறது" என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள். கடைசியில், மழைக்கு முன் திரையின் மேல்வரிசையில் மேகம் கூடும்படி செய்தேன். மூன்றில் ஒரு மேகம் பொய் சொல்லும். அந்த விகிதம் சரியாக வர ஐந்து புதன்கிழமைகள் தேவைப்பட்டன. ஐந்தாவதில் அவள் நான்கு ஆட்டம் தொடர்ந்து ஆடினாள், ஒரு வார்த்தை பேசாமல். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு புரியும்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். வாரா வாரம் சிமுலாசி, சிமுலாசி, சிமுலாசி. ஆசிரியையை அழைத்து விசாரித்தார். முடிவு எழுத்தில் வந்தது: அடுத்த புதன்கிழமை தலைமையாசிரியரும் பெற்றோர் சங்கத்தார் இருவரும் அந்தச் சிமுலாசியை நேரில் பார்ப்பார்கள். கல்விக்கு உதவுவது என்று தோன்றினால் கணினி மன்றம் தொடரும். இல்லாவிட்டால் மன்றம் கலைக்கப்படும். கணினி மதிப்பெண் பட்டியல் தட்டச்சு செய்ய அலுவலகத்துக்குப் போகும். அலுவலக எழுத்தரான கிராணி வந்து மேசையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார். நடைமுறை தெரிந்தவர்களுக்கு அது கெட்ட சகுனம். அளந்த பிறகு எந்த அலுவலகமும் மனம் மாறியதில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமை சரஸ்வதி பூஜை. பள்ளி முடிந்ததும் என்னை அறையைக் கூட்டச் சொல்லியிருந்தார் ஆசிரியை. கூட்டி முடித்து, என் டிஸ்கெட்டை எடுத்து நிலப்பட நூலுக்குள் வைத்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒன்பதாம் விதியை மீறிவிட்டேன்.

காரணம் பக்தி என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். காரணம் அம்மா. "பொதன்கெழம பொதன்கெழம கடைசி பஸ்ஸுல வர்றியே, அப்படி என்னாதான் செய்ற?" என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் வெட்டுவதைப் பற்றி ஒரு விளையாட்டு என்று சொன்னதற்கு, "வெட்டுறதப் போயி யாராச்சும் வெளயாடுவாங்களா?" என்றார். கணினியைத் தூக்கி வர முடியாது. இதையாவது காட்டலாம் என்று நினைத்தேன்.

அம்மா டிஸ்கெட்டை இரண்டு கையாலும் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்குள்ளயா நான் இருக்கேன்?"

"நீங்க இல்லம்மா. ஒரு சுழி."

"சுழியா?"

"சுழிதான். ஆனா பால் வெட்டும். மழ வந்தா ஓடணும்."

"ஓடுனா நான் இல்ல. அது பக்கத்து நெரைக்காரி." சிரித்தபடியே டிஸ்கெட்டைச் சாமி படத்துக்கு முன்னால், என் கணிதப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

நான் வெளியே போய்விட்டேன். அப்பா லோரியைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பது என் வேலை. திரும்பி வந்தபோது அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதில் அம்மாவிடம் ஒரு முறை உண்டு. பிடியில் வைக்க மாட்டார். வேலை செய்கிற இடத்தில்தான் வைப்பார். உளியில் அலகுக்கு. தையல் இயந்திரத்தில் ஊசி இறங்குகிற பாதத்துக்கு. லோரியில் ஸ்டியரிங்குக்கு. டிஸ்கெட் என்பதை வாழ்நாளில் அன்றுதான் பார்த்திருந்தார். ஆனாலும் அதில் வேலை செய்கிற இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டார். சன்னலுக்குள், தவிட்டு நிறத் தகட்டின் மேல், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. இரண்டு விதிமுறைகள் மோதினால் மேலதிகாரியின் விதியே செல்லும். அன்றைக்கு மேலதிகாரி வெள்ளைத் தாமரையில் உட்கார்ந்திருந்தார். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தச் சதுரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வேறு நகல் கிடையாது. நோட்டில் இருந்தது பழைய வடிவம், மேகமும் மழையும் இல்லாதது. நானூறு வரியை நாற்பது நிமிடத்தில் மறுபடி தட்ட முடியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் இருந்த விதத்தில் சொல்ல வரவில்லை.

மறுநாள் இடைவேளையில் தோழியிடம் காட்டினேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவள் சன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"செத்தோம் லா."

"தொடச்சிரலாமா?"

"தொடச்சா தூளு உள்ளாற போயிரும். கழுவணும்."

"பைத்தியமாடி? டிஸ்கெட்ட யாராச்சும் கழுவுவாங்களா?"

"எங்க கடையில கேசட்டு மேல ஒரு கிளாஸு தே தாரே கொட்டிருச்சு. எங்க அத்தா நாடாவ வெளிய எடுத்து, தண்ணில அலசி, காயப்போட்டு மறுபடி சுத்துனாங்க. இன்னும் பாடுது. இதுவும் அதே காந்தம்தானே?"

கையேட்டில் இப்படி ஒரு நடைமுறை இல்லை. அதற்காக அவள் கவலைப்படவில்லை. தடுக்க எனக்கும் வேறு யோசனை இல்லை.

பள்ளி விட்டதும் அவர்கள் கடையின் பின்கட்டுக்குப் போனோம். பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறித் தகட்டை வெளியே இழுத்தேன். வாழைப்பட்டையைவிட மெல்லிசு, பிடித்தால் துவண்டது. "தேச்சிராத, தண்ணி மட்டும் விடு" என்றாள். குழாயடியில் காட்டினேன். சந்தனம் கரைந்து போனது. குங்குமம் சிவப்பாக வழிந்து என் சட்டைக் கைமடிப்பில் இறங்கியது. காயவைக்க இடம் தேடினோம். எந்தப் பக்கமும் எதுவும் படக் கூடாது. ரோஸ் சிரப் போத்தலின் கழுத்து, தகட்டின் நடு ஓட்டைக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

அப்போது அவள் அத்தா ஒரு தட்டோடு உள்ளே வந்தார்.

"என்னா புள்ள, அப்பளமா?"

"இல்லத்தா. கம்பியூட்டரு."

"இவ்வளவுதானா கம்பியூட்டரு?" குனிந்து பார்த்தார். பிறகு போத்தலை அடுப்புப் பக்கமிருந்து நகர்த்தி வைத்து, மின்விசிறியைத் தட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை அரைமணி நேரம் முன்பே எங்களை அறைக்குள் விட்டார்கள். தகட்டை நிலப்பட நூலில், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் கொண்டு வந்திருந்தேன். அதன் பழைய உறைக்குள் சந்தனம் அப்பியிருந்ததால் அது உதவாது. தோழி டிஸ்கெட் பெட்டியைத் திறந்து தன்னுடைய டிஸ்கெட்டை எடுத்தாள்.

"அதுல நீ வரைஞ்சதெல்லாம் இருக்கே."

"பூவுதானே. உன்னோடதுல ஒண்ணு இருக்குல்ல, அது போதும்." சொல்லிக்கொண்டே பிளேடை ஓட்டிவிட்டாள்.

அவள் உறையில் என் தகட்டை நுழைத்துக் கணினியில் செருகினேன். பல்சக்கரம் சரியாக விழாத லோரியைப்போல அது கடகடத்தது. நின்றது. பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: படிக்க முடியவில்லை. மறுபடி முயன்றேன். அதே கடகடப்பு, அதே வரி. வராந்தாவில் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. கழுவும்போதே எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?" என்றாள் தோழி.

"என்ன?"

"தகடு லா. உருவுறப்ப எந்தப் பக்கம் மேல?"

நாங்கள் அடையாளம் போடவே இல்லை. அவள் டிஸ்கெட்டை இழுத்தாள், கீறிய ஓரம் வழியாகத் தகட்டை உருவினாள், புரட்டி நுழைத்தாள், செருகினாள். வெளியே மூன்று ஜோடிக் காலணிகள் கழற்றப்படும் சத்தம். விதி தலைமையாசிரியருக்கும் பொருந்தும். அவருடையது நாடா கட்டிய காலணி. அந்த இரண்டு நிமிடம் எங்களுக்குக் கிடைத்தது அதனால்தான்.

கணினி ஒருமுறை முனகியது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. திரையில் இதழ் இதழாகப் பூ வந்தது. நான் மூச்சை விட்டேன். எப்போதிலிருந்து பிடித்து வைத்திருந்தேன் என்று தெரியவில்லை, திங்கட்கிழமையிலிருந்தாக இருக்கலாம். அதன் பிறகு பதவி உயர்வு வந்திருக்கிறது, மருத்துவ அறிக்கை நல்லபடியாக வந்திருக்கிறது, ஓய்வூதியக் கோப்புகூட ஒரே தவணையில் முடிந்திருக்கிறது. எதிலும் அந்த அளவு நிம்மதியை நான் கண்டதில்லை.

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆசிரியை மலாயில் நான்கு வரி விளக்கினார். பயிரியல், திட்டமிடல், நேர நிர்வாகம் என்ற சொற்கள் அதில் வந்தன. தலைமையாசிரியர் ஒற்றை விரலால் விசையைத் தட்டிச் சுழியை நடத்தினார். பத்து மரம், இருபது மரம். மேல்வரிசையில் மேகம் கூடியது.

"பாலிக், பாலிக்" என்றார் பின்னால் நின்ற பெற்றோர் சங்கத்துக்காரர். திரும்பு, திரும்பு.

"நந்தி டூலு" என்றார் தலைமையாசிரியர். பொறு. இன்னும் மூன்று மரம் வெட்டினார். மழை கொட்டி, மங்கெல்லாம் நிறைந்து, புள்ளி பூஜ்யமானது. பின்னால் நின்ற இரண்டு பேரும் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். பள்ளியில் அவரைப் பார்த்து அப்படிச் செய்ய வேறு யாருக்கும் துணிவு கிடையாது.

"செகாலி லாகி" என்றார். இன்னொரு தடவை. அந்த இன்னொரு தடவை மூன்று தடவை வந்தது. மூன்றாவதில் மேகத்தைக் கண்டதும் ஓடினார். அது பொய் மேகம். என் அம்மா காட்டில் சொல்லக்கூடிய ஒரு சொல்லை அவர் மலாயில் சொன்னார். கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

"இது சிமுலாசிதானே?" என்று ஆசிரியையிடம் கேட்டார்.

"சிமுலாசிதான்" என்றார் ஆசிரியை, கண் சிமிட்டாமல்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மன்றம் தொடரும். அளந்த மேசை அளந்தபடியே நின்றது. என் உத்தியோக அனுபவத்தில் அது ஒன்றுதான் விதிவிலக்கு.

அடுத்த வாரம் கையேட்டில் வேறெதையோ தேடும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. இந்தக் கணினி டிஸ்கெட்டின் அடிப்பக்கத்தை மட்டுமே படிக்கும். அம்மா பொட்டு வைத்தது மேல்பக்கம். அதாவது, விளையாட்டின் ஓர் எழுத்தைக்கூட அம்மா தொடவில்லை. அதற்கு வந்த ஆபத்தெல்லாம் பிளேடு, குழாய்த் தண்ணீர், ரோஸ் சிரப் போத்தல் வழியாக எங்களால் வந்தது. அப்படியே செருகியிருந்தால் சந்தனத்தூள் உள்ளே போய்க் கணினியே கெட்டிருக்கும் என்று தோழி வாதாடினாள். இருக்கலாம். தன் டிஸ்கெட்டை வெட்டிக் கொடுத்தவளுக்கு அந்த வாதத்தை விட்டுக்கொடுத்தேன்.

தலைமையாசிரியர் வந்துபோன அந்தப் புதன்கிழமை கடைசி பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா துணி ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சும்மா. ஹெட்மாஸ்டர் நாலு தடவ வெளயாண்டாரு."

"ஜெயிச்சாரா?"

"இல்ல. நனைஞ்சிட்டாரு."

அம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. என் நேற்றைய வெள்ளைச் சட்டையை வாளிக்குள் அழுத்தப் போனவர் கைமடிப்பில் இருந்த குங்குமச் சிவப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அவர் அந்த இடத்தில் சோப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தேய்த்தார்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு டிஸ்கெட்டை முறையாக அனுமதி வாங்கி எடுத்து வந்தேன். அதற்குள் ஒன்பதாம் விதியும் நகல் விதியும் திருத்தப்பட்டிருந்தன, நகலும் எடுத்து வைத்திருந்தேன். அம்மா உளியின் அலகுக்கு வைத்தார், தையல் இயந்திரத்தின் பாதத்துக்கு வைத்தார். டிஸ்கெட்டிடம் வந்ததும் கை ஒரு கணம் நின்றது. சன்னலை விட்டுத் தள்ளி, உறையில் ஒட்டி என் பெயர் எழுதிய காகிதத்தின் ஓரத்தில் கடுகளவு சந்தனம் வைத்தார்.